பழைய வெர்ஷனுக்கும் ஒரு காப்பி

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் என்னிடம் 'முடியாது' என்றது.

ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் சொன்னது. 'இந்த ஃபைல் இதைவிடப் புதிய வெர்ஷனில் தயாரிக்கப்பட்டது. திறக்க இயலாது.' அதற்குக் கீழே 'ஓகே' என்று ஒரே ஒரு பட்டன். எனக்கு ஓகே இல்லை என்று சொல்வதற்கு அங்கே பட்டன் எதுவும் இல்லை.

இது நடந்தது பெங்களூர் காக்ஸ் டவுனில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளியிருக்கும் சர்ச் ஆபீஸில். நெற்றியில் விபூதியோடு உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சர் அன்று விடியற்காலையில் இறந்துபோனார். எழுபத்தைந்து வயது. இருபத்தாறு வருடமாக அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு காம்பவுண்டு சுவர் மட்டும்தான். பேப்பரில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் விடும் தப்புகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பேப்பரை நாலாக மடித்து, என் வீட்டு கேட்டில் செருகிவிட்டுப் போகும் ஒரே வாசகி. இந்த வாரம் எத்தனை தப்பு இருக்கிறதோ... யார் சொல்லப்போகிறார்கள்?

டீச்சருக்கு ஒரே மகள், ரெஜினா. கணவர் சூசைராஜ் ஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவருவதற்கு ஒரு வருடம் முன்பே மாரடைப்பில் போய்விட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் டீச்சர் பேசிப் பேசி, பக்கத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறார் என்பதுபோல எனக்குப் பழகிவிட்டார்.

டீச்சர் பல வருடங்களாக ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன அவரோட குழியிலதான் வைக்கணும். வேற எங்கயாச்சும் கொண்டுபோய் வச்சீங்க, எழுந்து வந்துருவேன்."

கிறிஸ்தவ நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் புதிதாகக் குழி வெட்ட ஓர் அடி இடம்கூடக் கிடையாது. ஆனால், குடும்பத்தில் ஒருவர் அங்கே அடக்கமாகி, குறிப்பிட்ட வருடங்கள் கழிந்துவிட்டால், அதே குழியைத் திறந்து இன்னொருவரையும் வைக்கலாம். மிச்சமிருக்கும் எலும்புகளைச் சேர்த்துத் துணியில் கட்டி, புதுப் பெட்டியோடு பக்கத்திலேயே வைத்துவிடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடம். அதற்குக் குழியின் நம்பர் வேண்டும்; அதை வைத்துத்தான் வரிசையை அளந்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். நம்பர் இல்லையென்றால் ஊருக்கு வெளியே இருக்கும் புதுக் கல்லறைத் தோட்டம்தான். முன்பின் தெரியாதவர்கள் நடுவே, தனியாக.

மாஸ்டரின் குழிக்கு அடையாளம் ஒன்றும் இல்லை. மரச்சிலுவை நட்டிருந்தார்கள், அது எப்போதோ உளுத்துப்போயிற்று. டீச்சருக்கு மட்டும் இடம் தெரியும். கல்லறைத் திருநாளில் யாரையும் கேட்காமல் நேராக நடந்துபோய்ப் பூ வைத்துவிட்டு வருவார். நாலு வருடமாக முழங்கால் வலி, போகவில்லை. அதற்குள் தோட்டத்தைச் சீர்படுத்துகிறோம் என்று மண் கொட்டி மேடு பள்ளத்தையெல்லாம் சமமாக்கிவிட்டார்கள். ரெஜினாவுக்குத் தோராயமாகத்தான் நினைவு.

தோராயமாகக் கல்லறை தோண்ட முடியுமா?

ரெஜினா அம்மாவின் பக்கத்தைவிட்டு நகர முடியாத நிலை. அவள் கணவர் டாக்டர் சர்டிபிகேட்டுக்காக அலைந்துகொண்டிருந்தார். "அங்கிள், நீங்க கொஞ்சம் சர்ச் ஆபீஸ் வரைக்கும் போய், அப்பாவோட குழி நம்பர் மட்டும் வாங்கிட்டு வந்துடறீங்களா?" என்றாள். அடக்கம் மாலை நாலு மணிக்கு. தோட்டத்தில் குழி வெட்டும் முனியப்பா வாசலிலேயே வந்து நின்றார். அவர் பேச்சில் தமிழ் பாதி, கன்னடம் பாதி.

"பதினொரு மணிக்குள்ள நம்பர் ஒண்ணு சொல்லிடுங்க சார், ஸாக்கு, அது போதும். மத்தத நான் நோடிக்கிறேன். பழைய குழி சார், ஜாக்கிரதையா திறக்கணும். அவசரத்துல மண்வெட்டி போட்டா பாவம்."

நம்பர் வாங்கிவருவது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சர்ச் ஆபீஸில் அந்தோணி சார் இருந்தார். முப்பது வருடமாக அங்கே கிளார்க். போன வாரம் அடித்த மழையில் கரண்ட் தாறுமாறாக வந்து ஆபீஸ் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. அதற்குப் பதிலாகப் பரணிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை இறக்கி, தூசு தட்டி வைத்திருந்தார். சில வருடங்களுக்கு முன் விவரங்களையெல்லாம் அழித்துவிட்டு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்த கம்ப்யூட்டர். கல்லறைப் பட்டியலின் புரோகிராம் அதில் இருந்தது, பழைய வெர்ஷன். பட்டியல் மட்டும் இல்லை.

"கவலப்படாதீங்க. ஸ்டெல்லா வாராவாரம் பெண்டிரைவுல எடுத்து வச்சிருக்கு" என்று செருகினார். திறந்தார். 'முடியாது.' மறுபடி திறந்தார். மறுபடி 'முடியாது.' மூன்றாவது தடவை பெண்டிரைவை எடுத்து, ஊதி, துடைத்துச் செருகினார். கம்ப்யூட்டர் தன் வாக்கில் உறுதியாக இருந்தது.

பேப்பர் ரெஜிஸ்டர் இல்லையா என்று கேட்டேன். இருந்தது. பீரோவுக்கு மேலே கூரை ஒழுகி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மை கரைந்து, தொட்டால் அப்பளம்போல நொறுங்கியது. அதனால்தானே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பிரிண்ட் எடுத்து வைக்கக்கூடாதா? வைத்திருந்தார்கள். அதே பீரோவில், அதே ஒழுகும் கூரைக்கு அடியில்.

இப்போது ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால், இந்தப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு அவளைத் தெரியும். போன வருடம் அவளைக் கிண்டல் செய்து இங்கே முக்கால் பக்கம் எழுதினேன்.

பெயர் போடவில்லை. 'வைட்ஃபீல்டில் டேட்டாபேஸ் வேலை பார்க்கும் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச் ஆபீஸில் போய் உட்கார்ந்துகொண்டு, செத்தவர்கள் பட்டியலைக் காப்பி எடுத்து, அந்தக் காப்பிக்கும் ஒரு காப்பி எடுத்து, வீட்டில் வைத்திருக்கும் கிழட்டு லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருகிறாள். கல்லறையில் இருப்பவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று பயமா?' இப்படிப் போகும் அந்தக் கட்டுரை. நன்றாக எடுபட்டது. பலர் போன் செய்து சிரித்தார்கள். பெயர் போடாவிட்டால் என்ன, காக்ஸ் டவுனில் யாருக்குத் தெரியாது? ஸ்டெல்லா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் பார்த்தால் எப்போதும்போல "என்ன சார், நல்லாருக்கீங்களா?" என்பதோடு சரி.

அவளுக்குத்தான் இப்போது போன் போட வேண்டும்.

போட்டேன். கம்பெனி பஸ்ஸில் இருந்தாள். டின் ஃபேக்டரி பக்கம் டிராஃபிக்கில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அங்கே பஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் செய்தி. விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் பெயரைக் கேட்டதும் "ஐயோ" என்றாள். அவளுக்கும் ஏழாம் வகுப்பில் டீச்சர்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு நேராக வேலைக்கு வந்தாள்.

"இப்ப இருக்கிறது பழைய கம்ப்யூட்டரா சார்? அப்ப அந்த ஃபைல் திறக்காது. கிளவுட்ல இருக்கிறதும் அதே புது வெர்ஷன் ஃபைல்தான். பெண்டிரைவுல 'பழசு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதப் பாருங்க."

பார்த்தோம். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை. 'திருவிழா போட்டோ' என்று ஒன்று இருந்தது. அந்தோணி சார் முகத்தைத் தடவிக்கொண்டார்.

"மாதா திருவிழா போட்டோ போட எடம் பத்தல. ஒரே லிஸ்ட் ரெண்டு தடவ இருக்கேன்னு, பழசத் தூக்கிட்டேன்" என்றார். குரல் கீழே போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே போயும்விட்டது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். 'பழசு' என்று பெயர் எழுதிய எதையும் இடம் போதாதபோது நாம் விட்டுவைப்பதில்லை.

மணி பத்து இருபது.

"ஸ்டெல்லா, அழிச்சுட்டாராம்மா" என்றேன்.

"தெரியும் சார், என்னைக்காவது அழிப்பாருன்னு" என்றாள். கோபமே இல்லை. "அந்த நனஞ்ச ரெஜிஸ்டர் இருக்கில்ல, அதுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அந்த பீரோவ யாரும் திறக்கறதே இல்ல, அதான் அங்க வச்சேன். டப்பாவுல ஒரு பேப்பர் இருக்கும். அதுல எல்லாம் எழுதி..."

லைன் போய்விட்டது. திரும்பக் கிடைக்கவில்லை. டவர் இல்லையோ, பேட்டரி தீர்ந்ததோ தெரியாது.

டப்பா இருந்தது. தண்ணீர் புகாத, இறுக்கமான மூடி போட்ட டப்பா. வீட்டில் சர்க்கரை போட்டு வைப்போமே, அதே மாதிரி. உள்ளே ஒரு பெண்டிரைவ், நாலாக மடித்த ஒரு தாள். தாளை விரித்துப் படித்தேன். நினைவிலிருந்துதான் எழுதுகிறேன், ஆனால் மறக்கக்கூடிய கடிதம் இல்லை அது.

'இதைப் படிப்பவருக்கு. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவசரத்தில் இருப்பீர்கள். இந்த டப்பாவைத் திறக்கிறீர்கள் என்றால் மற்ற வழிகள் அடைத்துவிட்டன என்று அர்த்தம். புது கம்ப்யூட்டர் என்றால் "புதுசு" ஃபோல்டர். பழைய கம்ப்யூட்டர் என்றால் "பழசு" ஃபோல்டர். பழைய வெர்ஷனில் ஏற்றினால் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வரும். பயப்பட வேண்டாம். அந்த வெர்ஷனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அவ்வளவுதான். பெயரை வைத்துத் தேடாதீர்கள். அடக்கம் நடந்த தேதியை வைத்துத் தேடுங்கள். எண்கள் எந்த வெர்ஷனிலும் மாறாது.'

அந்தோணி சார் 'பழசு' ஃபோல்டரைத் திறந்து ஏற்றினார். ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. இந்தத் தடவை 'முடியாது' வரவில்லை. பட்டியல் வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்.

முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்திருப்பேன். 'பயப்பட வேண்டாம்' என்று எழுதியிருந்ததால் பயப்படவில்லை. பெங்களூர் டிராஃபிக்கில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண், நான் எந்த நிமிடத்தில் பயப்படுவேன் என்பதை எப்போதோ யோசித்து, அந்த நிமிடத்துக்கான வார்த்தையை எழுதி, சர்க்கரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தேன்.

ரெஜினாவுக்குப் போன் செய்தேன். அப்பாவை அடக்கம் செய்த தேதியை யோசிக்காமல் சொன்னாள். அந்தத் தேதியில் இரண்டு வரிகள். ஒருவருக்கு வயது எண்பத்தொன்று. இன்னொருவருக்கு நாற்பத்தொன்பது.

"அப்பாவுக்கு என்னம்மா வயசு அப்ப?"

"நாப்பத்தொம்பது அங்கிள்."

ஆறாவது வரிசை, நூற்றுப் பன்னிரண்டு. மணி பத்து ஐம்பது. அதற்குள் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்ட முனியப்பாவிடம் சொன்னேன். நம்பரை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு மண்வெட்டியோடு நடந்தார்.

தாளை மடித்து டப்பாவில் போடப் போனபோதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். கையெழுத்தில் வரிசையாகத் தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'பழசில் ஏற்றிப் பார்த்தேன். வந்தது.' ஒரே ஓர் இடத்தில் மட்டும், 'ஏற்றிப் பார்த்தேன். வரவில்லை. சரிசெய்து மறுபடி எடுத்தேன். வந்தது.' வேறொரு தேதியில் என் கண் நின்றது. அது போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் கிண்டல் கட்டுரை வெளியான நாள். நான் வீட்டில் உட்கார்ந்து பாராட்டு போன்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் தன் கிழட்டு லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்திருக்கிறாள். எதிரே அதே வரிதான். 'பழசில் ஏற்றிப் பார்த்தேன். வந்தது.'

அதுவரை எனக்கு இந்த வேலை புரிந்திருக்கவில்லை என்பதே அப்போதுதான் புரிந்தது. புரோகிராம் ஒவ்வொரு தடவை புதிதாகும்போதும் சில புது வசதிகள் வரும். தாத்தா பேசுவது பேரனுக்கு ஓரளவு புரியும். பேரன் பேசுவது தாத்தாவுக்குப் புரியாது. அதே கதைதான் இங்கும். பழசுக்குத் தெரியாததை விலக்கி, தெரிந்ததை மட்டும் வைத்து, பழசுக்கு ஏற்றமாதிரி தனியாக ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது. பழைய லேப்டாப்பில் ஏற்றி, அங்கே எத்தனை வரி, இங்கே எத்தனை வரி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாராவாரம்.

நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. நாளைக்கு வரப்போவது இன்றைக்கு இருப்பதைவிடப் புதிதாக இருக்கும், அதனால் புதுசுக்குத் தயாராக இருந்தால் போதும் என்று. யோசித்துப் பாருங்கள். உங்கள் போன் தண்ணீரில் விழுந்தால் அன்றைக்குக் கைக்கு வருவது எது? டிராயரில் கிடக்கும் பழைய போன். வண்டி ரிப்பேர் ஆனால்? மச்சானின் பழைய ஸ்கூட்டர். அவசரத்துக்குப் பரணிலிருந்து இறங்குவது எப்போதுமே பழசுதான். ஸ்டெல்லாவுக்கு இது தெரிந்திருக்கிறது. எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் தெரியவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு முனியப்பா கல்லறைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். போனேன். உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கத்தான் செய்தது. கேள்விக்குறிகளை நம்பியல்லவா தோண்டச் சொல்லியிருக்கிறேன்? வேறு யாருடைய குழியாகவாவது இருந்துவிட்டால்?

முனியப்பா குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். துணி விரித்து எடுக்க வேண்டியதையெல்லாம் பதனமாக எடுத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை நீட்டினார். "இது இருந்துச்சு சார்."

பித்தளை விசில். பச்சை பிடித்து, மண் அடைத்திருந்தது.

ரெஜினா வந்ததும் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள். அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. "நாந்தான் அங்கிள் அப்பா சட்டப் பையில போட்டேன். அம்மாகிட்ட கூட சொல்லல" என்றாள். காலையிலிருந்து அழாமல் எல்லா வேலையும் பார்த்துக்கொண்டிருந்த பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நாங்கள் யாரும் தேற்றப் போகவில்லை. அழ வேண்டிய அழுகை அது.

நாலு மணிக்கு டீச்சர் வந்தார். ஆறாவது வரிசை, நூற்றுப் பன்னிரண்டு. விசிலைத் துடைத்து, இருவருக்கும் நடுவில் வைத்தாள் ரெஜினா. டீச்சர் இனி எழுந்து வரமாட்டார்.

பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். ஆபீஸில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, மெட்ரோ பிடித்து, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். கழுத்தில் கம்பெனி அட்டை அப்படியே தொங்கியது. டீச்சருக்கு மண் போட்டாள், கும்பிட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"எந்த ஃபோல்டர் சார் திறந்துச்சு?"

"பழசு."

"வரி எல்லாம் முழுசா வந்துச்சா?"

"வந்தது ஸ்டெல்லா."

தலையாட்டிக்கொண்டாள். அந்த முகத்தில் வந்த நிம்மதியை எந்தக் கம்பெனியும் அவளுக்குச் சம்பளமாகக் கொடுத்திருக்க முடியாது. நான் போன வருடம் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அட, விடுங்க சார். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. அதையும் ஸ்கேன் பண்ணி அந்தப் பெண்டிரைவுல போட்டு வச்சிருக்கேன்."

"எந்த ஃபோல்டர்ல?"

"ரெண்டுலயும்தான் சார். ஏத்திப் பாத்துட்டேன். நல்லா வருது."